மெம்பிஸ் நகரத்து நால்வரும் நாங்களும்

சிற்றிதழ்களைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் சென்ற மாதம் எங்களைத் தேடி வந்தார். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்மாவட்டங்களில் தோன்றி, இரண்டு மூன்று இதழ்களோடு நின்றுபோன பத்திரிகைகளைத் திரட்டி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எவரும் படிக்கும்படி இணையத்தில் வைப்பது அவருடைய திட்டம். நாங்கள் மதுரையில் நடத்திய இதழின் முதலிரண்டு பிரதிகள் அவருக்கு ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்திருந்தன. மூன்றாவது எங்களிடம் இருந்தது. பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தோம். அவர் மூன்றையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, அட்டையின் உட்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மிகச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

“முதல் ரெண்டு இதழ்ல ஆசிரியர் குழுன்னு நாலு பேர் போட்டிருக்கீங்க சார். மூணாவதுல மூணு பேர்தான் இருக்கு. நாலாவது ஆள் என்ன ஆனார்?”

“விலகிவிட்டார்” என்றோம். அவரும் அப்படியே குறித்துக்கொண்டார். அந்தப் பதில் பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன பிறகு எங்களுக்குள் ஏதோ இடறிக்கொண்டே இருந்தது. அன்று மாலை அவர் போனபின் நாங்கள் மூவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் இருவர் இன்று கல்லூரி ஆசிரியர்கள், ஒருவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். பேச்சு இதழில் தொடங்கி, எங்களுக்கு எந்த உறவுமில்லாத ஓர் ஊரில், நாங்கள் பிறப்பதற்கு முன்பே உடைந்துபோன ஒரு ராக் இசைக்குழுவில் போய் நின்றது. பிக் ஸ்டார் என்பது அக்குழுவின் பெயர். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் மிஸிஸிப்பி ஆற்றின் கரையில் இருக்கும் மெம்பிஸ் நகரத்தைச் சேர்ந்தது. அக்குழுவை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் அந்த நாலாமவர்தான்.

*

2001-ஆம் ஆண்டு. மேலமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு டிடிபி சென்டரில் எங்கள் இதழின் பக்கங்கள் உருவாயின. பகலில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ். இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் கவிதைகளும் கட்டுரைகளும். நண்பர் அந்தக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எங்களோடு எம்.ஏ. தமிழ் படித்தார். தட்டச்சு, பக்க வடிவமைப்பு, மெய்ப்புத் திருத்தம் எல்லாம் அவரே. கூடவே இதழுக்கு இரண்டு மொழிபெயர்ப்புகளும் செய்தார். கடைக்காரர் கணிப்பொறியை இரவில் இலவசமாகக் கொடுத்தார். மின்கட்டணத்துக்கு மட்டும் ஏதாவது கொடுங்கள் என்பார்.

வேலை நடக்கும்போது நண்பர் பாட்டுப் போடுவார். வெளிநாட்டில் இருந்த அவருடைய உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற குறுந்தகடுகளில் ஒன்று பிக் ஸ்டார். அவர்களுடைய முதலிரண்டு ஆல்பங்களும் ஒரே தகட்டில் இருந்தன. ராக் என்றால் இரைச்சல் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். இளையராஜாவைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அந்தக் கிதார்களின் தெளிவு முதலில் ஆச்சரியத்தையும் பிறகு ஒருவகை ஏக்கத்தையும் தந்தது. ‘தர்ட்டீன்’ என்றொரு பாட்டு. டிரம்ஸ் கிடையாது. மின்சாரம் ஏற்றாத கிதார்களும் குரல்களும் மட்டும். பள்ளிப் பருவத்துக் காதலைப் பற்றிய பாட்டு, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். லேசர் பிரிண்டரிலிருந்து பட்டர் பேப்பர் ஒவ்வொன்றாக வெளியேறும் சத்தத்துக்கு நடுவே அதை எத்தனை முறை கேட்டோம் என்று கணக்கில்லை.

இரண்டாவது ஆல்பத்தில் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் ‘கேர்ள்ஸ்’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவறாக எழுதியிருப்பார்கள். மெய்ப்புப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்திருந்த நண்பருக்கு அதில் பெரிய சந்தோஷம். “பாருங்கடா, அச்சுப்பிழையையே தலைப்பா வச்சிருக்கானுங்க. நம்ம இதழ்ல ஒரு ஒற்று விட்டுப்போனா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது” என்பார்.

அந்தக் குழுவின் கதை எங்களுக்கு அன்று தெரியாது. பாட்டு மட்டும்தான் தெரியும். கதை பிற்பாடு, துண்டு துண்டாகத் தெரியவந்தது.

*

மெம்பிஸ் சாதாரண இசையூர் அன்று. எல்விஸ் பிரெஸ்லி முதன்முதலில் பாடிப் பதிவுசெய்த சன் ஒலிப்பதிவுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசையை உலகெங்கும் கொண்டுசேர்த்த ஸ்டாக்ஸ் நிறுவனம் அந்த ஊருடையது. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக்கொல்லப்பட்டதும் அந்த ஊரில்தான். அப்படிப்பட்ட நகரத்தில், சில வெள்ளை இளைஞர்கள் பீட்டில்ஸ் போன்ற ஆங்கிலேயக் குழுக்களின் மேல் மோகங்கொண்டு, ஊரின் வழக்கத்துக்கு ஒட்டாத ஓர் இசையைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் கிறிஸ் பெல்.

அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஜான் ஃப்ரை என்பவர் நடத்திய ஆர்டென்ட் ஒலிப்பதிவுக்கூடம். ஃப்ரை அந்த இளைஞர்களுக்கு ஒலிப்பதிவுக் கருவிகளை இயக்கக் கற்றுக்கொடுத்தார். வாடிக்கையாளர்கள் போனபின் இரவு நேரங்களில் கூடத்தை அவர்களிடமே விட்டார். பணம் கொடுத்து அத்தனை மணி நேரம் பதிவுக்கூடத்தை எடுக்க எந்த உள்ளூர்க் குழுவாலும் இயலாது. ஒரு பாட்டின் மேல் ஒரு குரலையும், அதன்மேல் இன்னொரு கிதாரையும் அடுக்கி, பிடிக்காவிட்டால் அழித்து மீண்டும் தொடங்கும் வசதி அவர்களுக்கு வாய்த்தது அப்படித்தான். இதைப் படித்தபோது எங்களுக்கு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையும் மின்கட்டணமும் நினைவுக்கு வந்தன. உலகில் எங்கெங்கோ சிலர் இரவில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இலக்கியத்துக்கும் இசைக்கும் அவர்கள் செய்த உதவி எந்த வரலாற்றிலும் சரியாகப் பதிவாவதில்லை.

பெல்லோடு ஆண்டி ஹம்மல் பேஸ் கிதாரும், ஜோடி ஸ்டீபன்ஸ் டிரம்ஸும் வாசித்தனர். 1971-இல் அவர்களோடு அலெக்ஸ் சில்டன் வந்து சேர்ந்தார். சில்டன் அதற்கு முன்பே நாடறிந்த பாடகர். பதினாறு வயதில் பாக்ஸ் டாப்ஸ் என்ற குழுவுக்காக அவர் பாடிய ‘தி லெட்டர்’ 1967-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. பிறர் எழுதிக்கொடுத்ததைப் பிறர் சொன்னபடி பாடிச் சலித்து, அந்தக் குழுவிலிருந்து வெளியேறி ஊர் திரும்பியிருந்தார். பெல்லின் குழுவில் சேர்ந்ததும் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தனர். லெனனும் மெக்கார்ட்னியும் செய்ததைப் போல, யார் எழுதினாலும் பாடல்கள் இருவர் பெயரிலும் வரும் என்பதே அது. முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் ‘பெல் - சில்டன்’ என்ற கூட்டுப் பெயரில்தான் இருக்கின்றன.

குழுவுக்குப் பெயர் வேண்டியிருந்தது. ஆர்டென்ட் கூடத்துக்கு எதிரே இருந்த பலசரக்குக் கடையின் பெயர் பிக் ஸ்டார். அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆல்பத்துக்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்று பெயரிட்டார்கள். விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற தட்டு என்று பொருள். விளையாட்டாகவும் ஆசையாகவும் வைத்த பெயர்.

1972-இல் தட்டு வெளியானது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். இதில் உள்ள ஒவ்வொரு பாட்டையும் தனித்தட்டாகவே வெளியிடலாம் என்கிற அளவுக்கு வணிகப் பத்திரிகைகளே பாராட்டின. ஆனால் தட்டைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க வேண்டியது ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு. சோல் இசையை விற்பதில் வல்லவர்களான அவர்களுக்கு இந்த இளைஞர்களின் கிதார் இசையை யாரிடம் விற்பது என்று தெரியவில்லை. பிறகு ஸ்டாக்ஸ், கொலம்பியா என்ற பெருநிறுவனத்தோடு விநியோக ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த மாற்றத்தில் பழைய விநியோகஸ்தர்கள் விலக்கப்பட, தட்டுகள் பல ஊர்களில் கடைக்கே போய்ச் சேரவில்லை. வானொலியில் பாட்டைக் கேட்டுக் கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். முதல் வெளியீட்டில் பத்தாயிரம் பிரதிகள்கூட விற்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

விநியோகம் என்ற சொல்லைக் கேட்டாலே சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனதை நாங்கள் பாடமாகவே படித்திருக்கிறோம். இருந்தும் எங்களுக்கு அது உறைக்கவில்லை. ஐந்நூறு பிரதிகள் அடித்து, ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டு, நன்கொடை பத்து ரூபாய் என்று விலை வைத்தோம். இருநூறு பிரதிகளை வெளியூர்க் கடை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்து எங்களில் ஒருவர் நேரில் போனபோது, நாங்கள் கட்டிய சணல் கயிற்றின் முடிச்சு அவிழாமலே கட்டு அப்படியே இருந்தது. அதே கட்டை அதே முடிச்சோடு பேருந்தில் தூக்கிக்கொண்டு வந்தார்.

*

தோல்வி மட்டும் ஒரு குழுவை உடைப்பதில்லை என்று தோன்றுகிறது. தோற்றவர்கள் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொள்வதும் உண்டு. பிக் ஸ்டாரில் நடந்தது வேறு. தட்டு விற்கவில்லை, ஆனால் பாராட்டு வந்தது. வந்த பாராட்டு சில்டனைச் சுற்றியே வந்தது. எழுதியவர்களுக்கு அவர் ஏற்கெனவே தெரிந்த பெயர். குழு பெல்லினுடையது. ஒலிப்பதிவின் நுணுக்கங்கள், குரல்களை அடுக்கிய விதம், கிதார்களின் அந்தத் தெளிவு ஆகியவற்றில் பெரும்பகுதி பெல்லின் உழைப்பு. அது காதில் விழும், கண்ணுக்குத் தெரியாது. யார் செய்தார் என்று கேட்பவனுக்குத் தோன்றாது.

பெல் ஏற்கெனவே மனச்சோர்வோடு போராடியவர். தட்டின் தோல்வியும் பாராட்டின் திசையும் சேர்ந்து அவரை நிலைகுலையச் செய்தன. குழுவுக்குள் கைகலப்பு வரை போனது. 1972-இன் இறுதியில் அவர், தாம் உருவாக்கிய குழுவிலிருந்து தாமே வெளியேறினார்.

எங்கள் இரண்டாவது இதழுக்கு ஒரு மதிப்புரை வந்தது. நாங்கள் மதித்த, சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் இதழில். தலையங்கத்தையும் ஒரு கட்டுரையையும் அதில் பாராட்டியிருந்தார்கள். இரண்டும் எங்களில் ஒருவர் எழுதியவை. மொழிபெயர்ப்பைப் பற்றியோ, கையில் எடுத்தவர்கள் எல்லாம் முதலில் வியந்த பக்க அமைப்பைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அந்த வாரம் நண்பர் அதிகம் பேசவில்லை. மூன்றாவது இதழில் எந்தக் கட்டுரை முதலில் வருவது என்பதைப் பற்றி ஒரு தேநீர்க் கடை வாசலில் பேச்சு வந்தது. நண்பர் ஒரு யோசனை சொன்னார். யோசனை சரியானதுதான். அப்போது எங்களில் ஒருவர், “பக்கம் போடுறவன் பக்கத்தைப் போட்டாப் போதும்டா” என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, கூச்சல் இல்லை. நண்பர் தேநீரைக் குடித்து முடித்தார், காசு கொடுத்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அதைச் சொன்னது யார் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். இந்தக் கட்டுரை முழுவதையும் ‘நாங்கள்’ என்றே எழுதிக்கொண்டு போவதில் உள்ள வசதியும் தெரியும். சொன்னவர் ஒருவர் என்றால், அதைக் கேட்டுக்கொண்டு மறுபேச்சின்றித் தேநீர் குடித்தவர்கள் மற்ற இருவர். எனவே பன்மை இங்கே முற்றிலும் பொய்யும் அன்று.

இலக்கணம் கற்பிப்பவர்களாதலால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறோமா, விலக்கி நிறுத்துகிறோமா என்பதை அச்சொல் காட்டாது. தமிழ் காட்டிவிடும். பழந்தமிழில் ‘நாம்’ என்றும் ‘யாம்’ என்றும் இருந்த வேறுபாடு இன்று ‘நாம்’, ‘நாங்கள்’ என்று நிற்கிறது. முன்னிலையாரையும் உளப்படுத்துவது ‘நாம்’. அவரை வெளியே நிறுத்துவது ‘நாங்கள்’. அந்தத் தேநீர்க் கடை வரையில் நண்பரிடம் பேசும்போது “நாம அடுத்த இதழ்ல” என்று பேசியவர்கள், பத்து நாள் கழித்து அவரை வழியில் பார்த்தபோது “நாங்க அடுத்த இதழ்ல” என்றோம். எங்கள் குழு உடைந்த கணம் எது என்று அந்த மாணவி கேட்டிருந்தால், இந்த ஒரு எழுத்து மாற்றத்தைத்தான் சொல்லியிருப்போம்.

*

பெல் போனபின் பிக் ஸ்டார் ஏறக்குறைய முடிந்துபோனது. 1973 மே மாதம் மெம்பிஸில் ராக் இசை எழுத்தாளர்களின் மாநாடு ஒன்று நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். எஞ்சிய மூவரும் அவர்கள்முன் வாசித்தார்கள். பாட்டைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுந்து ஆடினார்கள். அந்த ஓர் இரவின் வரவேற்பில் மனம் மாறி, மூவருமாக இரண்டாவது ஆல்பத்தைத் தொடங்கினர்.

‘ரேடியோ சிட்டி’ 1974-இன் தொடக்கத்தில் வந்தது. அதன் அட்டையில் இருப்பது மெம்பிஸில் பிறந்த வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த புகைப்படம். இரத்தச் சிவப்பில் ஓர் அறையின் கூரை, நடுவில் வெற்று மின்விளக்கு, அதிலிருந்து ஓடும் வெள்ளை மின்கம்பிகள். வண்ணப் புகைப்படத்தைக் கலையாக ஏற்கவைத்தவர்களில் ஒருவர் எகிள்ஸ்டன். அந்தப் படம் இன்று அவருடைய புகழ்பெற்ற படங்களுள் ஒன்று. இசையும் அப்படியே மாறியிருந்தது. முதல் தட்டின் இழைத்த மெருகு இல்லை. கிதார் முறுக்கிக்கொண்டு பாய்கிறது, டிரம்ஸ் எந்த நேரமும் சரிந்துவிடுவதுபோல் சென்று சரியாமல் நிற்கிறது. எங்களுக்கு இந்தத் தட்டுதான் அதிகம் பிடிக்கும். அதையும் சொல்லியாக வேண்டும்.

ஏனென்றால், அந்தத் தட்டில் பெல்லின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அதிலுள்ள சில பாடல்களின் ஆக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்று குழுவின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பிரிவதற்கு முன் சேர்ந்து செய்த வேலை அது. பிரிந்தபின் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டது.

எங்கள் மூன்றாவது இதழ் 2003-இல் வந்தது. அதன் பக்கங்களில் பாதிக்கு மேல் நண்பர் விலகுவதற்கு முன்பே அமைத்து வைத்தவை. கோப்புகள் கடைக் கணிப்பொறியில் இருந்தன. வேறொருவரை வைத்து மீதியை முடித்தோம். நண்பர் செய்த மொழிபெயர்ப்பும் உள்ளே இருந்தது. அதற்குக் கீழே ‘தமிழில்’ என்று போட்டு ஒரு பெயர் வரவேண்டும். ‘தமிழில்: ஆசிரியர் குழு’ என்று போட்டோம். ஆசிரியர் குழுவில் மூன்று பெயர்களே இருந்தன.

அச்சுக்குப் போகும் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று பின்னாளில் எங்களுக்குள் சொல்லிக்கொண்டதுண்டு. அவசரம் இருந்தது உண்மை. ஆனால் ‘ஆசிரியர் குழு’ என்று அடிப்பதற்கும் ஒரு பெயரை அடிப்பதற்கும் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை.

*

‘ரேடியோ சிட்டி’யும் விற்கவில்லை. பாராட்டில் குறைவில்லை, கடைகளில்தான் தட்டு இல்லை. கொலம்பியாவுக்கு ஸ்டாக்ஸ் உறவில் ஆர்வம் போய்விட்டிருந்தது. 1975-இன் இறுதியில் ஸ்டாக்ஸ் நிறுவனமே திவாலானது. ஆண்டி ஹம்மல் குழுவை விட்டுக் கல்லூரிப் படிப்பை முடிக்கப் போனார். பிறகு பொறியாளராக, லாக்ஹீட் மார்ட்டின் விமான நிறுவனத்தில் பணியாற்றினார். எஞ்சியவர்கள் சில்டனும் ஸ்டீபன்ஸும் மட்டும். 1974-இல் ஜிம் டிக்கின்ஸன் என்ற தயாரிப்பாளரோடு அவர்கள் பதிவுசெய்த பாடல்களைக் கேட்பது எளிதன்று. வீடு இடிந்துகொண்டிருக்கும்போது உள்ளே அமர்ந்து பாடுவதுபோல் இருக்கும். எந்த நிறுவனமும் வெளியிட முன்வரவில்லை. நான்கு ஆண்டுகள் கிடந்து 1978-இல்தான் அது தட்டானது. அதற்குள் குழு என்று ஒன்று இல்லை. நால்வர் மூவராகி, மூவர் இருவராகி, பிறகு அதுவும் இல்லை.

நான்காவது இதழுக்காக நாங்கள் வாங்கி வைத்திருந்த கவிதைகள் இன்றும் ஓர் உறையில் இருக்கின்றன. அனுப்பியவர்களில் சிலர் இப்போது பெரிய கவிஞர்கள்.

*

குழுவை விட்ட பெல் தனியாகப் பாடல்களைப் பதிவுசெய்தார். பிரான்ஸுக்கும் லண்டனுக்கும் போனார். பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளராக இருந்த ஜெஃப் எமரிக்கின் கையால் சில பாடல்களுக்கு ஒலிக்கலவை செய்வித்தார். எந்த நிறுவனமும் எடுத்துக்கொள்ளவில்லை. மெம்பிஸுக்குத் திரும்பி, குடும்பத்தார் நடத்திய உணவகத்தில் வேலை பார்த்தார். 1978-இல் சிறிய நிறுவனம் ஒன்று அவருடைய இரண்டு பாடல்களை ஒரு தனித்தட்டாக வெளியிட்டது. ஒரு பக்கம் ‘ஐ ஆம் தி காஸ்மோஸ்’. மறுபக்கம் ‘யூ அண்ட் யுவர் சிஸ்டர்’.

அந்த மறுபக்கத்துப் பாட்டில் பெல்லோடு இணைந்து ஒரு குரல் ஒலிக்கிறது. அது அலெக்ஸ் சில்டனின் குரல். யாருடைய புகழ் தம்மை மறைத்தது என்று பெல் மனமுடைந்தாரோ, அவரே வந்து பின்குரல் பாடியிருக்கிறார். முன்னால் நின்று பாடாமல், பெல்லின் பாட்டுக்குப் பின்னால் நின்று, மெல்லப் பாடியிருக்கிறார். அவர்கள் அன்று என்ன பேசிக்கொண்டார்கள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்களா என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். அந்தப் பாட்டைக் கேட்டால் போதும்.

அதே ஆண்டு டிசம்பர் 27, விடியலுக்கு முந்தைய இருளில், பெல்லின் கார் சாலையோர விளக்குக் கம்பத்தில் மோதியது. அவருக்கு வயது இருபத்தேழு. மறுநாள் நல்லடக்கம் நடந்தது. அது சில்டனின் பிறந்தநாள்.

அதன் பிறகு நடந்தவற்றை இசை வரலாற்று நூல்கள் வெற்றிக்கதைபோல் சொல்கின்றன. ஆர்.ஈ.எம்., ரிப்ளேஸ்மென்ட்ஸ் போன்ற அடுத்த தலைமுறைக் குழுக்கள் பிக் ஸ்டாரைத் தங்கள் முன்னோடி என்றன. ரிப்ளேஸ்மென்ட்ஸ் 1987-இல் ஒரு பாட்டுக்கு ‘அலெக்ஸ் சில்டன்’ என்றே பெயரிட்டது. பெல்லின் பாடல்கள் திரட்டப்பட்டு 1992-இல் ஆல்பமாயின. 1993-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலியைச் சேர்ந்த இளைஞர்கள் கேட்டுக்கொள்ள, சில்டனும் ஸ்டீபன்ஸும் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு பிக் ஸ்டார் என்ற பெயரில் மீண்டும் மேடையேறினர். 2003-இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட தலைசிறந்த ஐந்நூறு ஆல்பங்களின் பட்டியலில் அவர்களுடைய மூன்று தட்டுகளும் இருந்தன. 2010 மார்ச் 17 அன்று சில்டன் மறைந்தார். சில நாளில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரத்து இசைவிழாவில் பிக் ஸ்டார் வாசிப்பதாக இருந்தது. அந்த மேடை அவருக்கான அஞ்சலியாக மாறியது. அதில் கலந்துகொண்ட ஹம்மலும் அதே ஆண்டு ஜூலையில் காலமானார்.

காலங்கடந்து வரும் இந்த அங்கீகாரம் எங்களுக்குப் பெரிய ஆறுதலாகத் தோன்றவில்லை. பெல்லுக்கு அது ஒரு நாளும் கிடைக்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு, இருபது ஆண்டு கழித்து யாரோ ஒரு மாணவி வந்து கேட்பார் என்ற நினைப்புக்கூட இருந்ததில்லை. இசையோ எழுத்தோ, கேட்பவர் படிப்பவர் தயவில் எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. அதைச் செய்தவர்களுக்கு இடையில் நடந்ததை அவர்களேதான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

*

சங்கப் புலவர்களில் சிலருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அவர்கள் பாடிய சொற்றொடரையே பெயராக்கி வைத்திருக்கிறார்கள். தொகுத்தவர் எவரோ, பெயர் தெரியாத இடத்தை வெறுமையாக விட மனமில்லாமல் செய்த காரியம் அது. ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். நாங்களும் நெகிழ்ந்துதான் சொல்வோம். பெயர் தெரியாதவருக்கே அவர்கள் பெயர் வைத்தார்கள் என்றால், பெயர் தெரிந்தும் போடாமல் விட்டவர்களை என்னவென்று சொல்வது என்று மட்டும் ஒருபோதும் கேட்டுக்கொண்டதில்லை.

மாணவியை மறுநாள் அழைத்தோம். மூன்றாவது இதழின் ஆசிரியர் குழுவில் நான்கு பெயர் என்று குறிக்கச் சொன்னோம். மொழிபெயர்ப்பு யாருடையது என்பதையும், முதல் முப்பது பக்கங்களை அமைத்தவர் யார் என்பதையும் சொன்னோம். “அச்சுல வேற மாதிரி இருக்கே சார், காரணம் போடணும்ல?” என்றார். ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி. “பெயர் எங்களால் விடுபட்டது என்று போடுங்கள்” என்றோம். அவர் அப்படியே குறிப்பு எழுதினார்.

நண்பரின் எண்ணை விசாரித்துப் பெற ஒரு வாரமாயிற்று. கோயம்புத்தூர்ப் பக்கம் அச்சகம் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அழைத்துப் பேசும் துணிவு எங்கள் மூவருக்கும் வரவில்லை. ஸ்கேன் செய்த மூன்று இதழ்களையும் மாணவியின் குறிப்பையும் அனுப்பி, கீழே எங்கள் மூவர் பெயரையும் எழுதினோம். தேநீர்க் கடையில் அதைச் சொன்னவர் மட்டும் தனியாக ஒரு வரி சேர்த்தார். அந்த வரி இங்கே வேண்டாம்.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் இரவு ஒரு கோப்பு வந்தது. நலம் விசாரிப்பு இல்லை, பழைய பேச்சு இல்லை. மூன்றாவது இதழுக்கான பிழைதிருத்தப் பட்டியல். பக்கம், பத்தி, வரி எண் போட்டு மொத்தம் நாற்பத்தொரு திருத்தங்கள். அதிகமும் அவர் விலகிய பிறகு அமைக்கப்பட்ட பக்கங்களில் இருந்தவை. ஒற்று மிகவேண்டிய இடங்கள், மிகக்கூடாத இடங்கள், ஒரு கவிதையில் தலைகீழாகிவிட்ட இரண்டு வரிகள். பட்டியலின் அடியில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது.

“நாம அப்பவே இதைப் பார்த்திருக்கணும்.”